பொன்னாடைக்கு அடியில் நான்கு பக்கம்

கணிதம் என்னும் மாபெரும் சாஸ்திரம் இத்தனை நூற்றாண்டுகளாக எதற்காகக் காத்திருந்ததோ, அது மே ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு மதுரையில், மாட்டுத்தாவணி தாண்டி ஒரு கல்லூரியின் ஏசி அரங்கில் நிகழும் என்று இருபதடி ஃபிளக்ஸ் அறிவித்தது. ஆறு வாரக் கோடைக்காலக் கணித ஆராய்ச்சித் திட்டம். துவக்க விழாவும் நிறைவு விழாவும் அன்றைக்கே. சென்னைப் பேராசிரியர் ராதாமணிக்கு அந்த ஒரு காலைதான் தோதுப்பட்டது; அவர் இல்லாமல் ஆராய்ச்சி நடத்தலாம், போட்டோ எடுக்க முடியாது. நடுவிலிருக்கும் ஆறு வாரத்தைப் பற்றித் துறைத்தலைவர் நாகசுப்பிரமணியன் பிறகு யோசிப்பதாக இருந்தார்.

மூன்றாமாண்டு சமீனாவுக்கு யோசிக்க நேரமில்லை. ஒன்றிலிருந்து ஓர் இரட்டை எண் வரை எல்லா எண்களையும் வட்டமாக உட்காரவைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டினால் ஒவ்வொன்றும் பகா எண்ணாக வரவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று உட்காரவைத்தால் வந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய எண்ணுக்கும் வரும் என்று நான்கு பக்கத்தில் நிரூபித்திருந்தாள். அது சரிதானா என்ற குடைச்சலில் இரண்டு மாதமாகத் தூக்கமில்லை.

விளக்குத்தூண் பக்கம் குடைக்கடை வைத்திருக்கும், அவளைப் பெற்ற அத்தா பக்கீர் முகமது கறாராகச் சொல்லியிருந்தார்: "வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தராச்சும் இது சரின்னு சொல்லட்டும், மெட்ராசுல எம்.எஸ்ஸி. சேத்துவிடுறேன். இல்லாட்டி இங்கனயே பி.எட்." எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசித் தேதி. நாகசுப்பிரமணியனிடம் காட்டியாயிற்று. அவர் கையில் வாங்கி எடை பார்த்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். போட்டாள். அட்டையின் நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.

விழாவில் அவளுக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணி, பொன்னாடைத் தாம்பாளம் ஏந்துவது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. போர்த்திய பொன்னாடை, கைதட்டல் ஓய்வதற்குள் மேடைக்குப் பின்புறமாகத் தாம்பாளத்துக்கே திரும்பிவிடும். மூன்றே பொன்னாடையில் பதினோரு பெரியவர்களை முடித்துவிடுவார்கள். ராதாமணிக்குப் போகவேண்டிய பொன்னாடைக்கு அடியில் சமீனா ஸ்பைரலைக் கழற்றிவிட்டுத் தன் நான்கு பக்கத்தையும் மடிக்காமல் வைத்தாள்.

கடைசி நொடியில் வரிசை மாறியது. கல்லூரிச் செயலாளர் விருமாண்டிக்குத்தான் முதல் மரியாதை என்று நாகசுப்பிரமணியனின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். துறைத்தலைவர் தாம்பாளத்திலிருந்து பொன்னாடையை உருவினார். அடியில் தாள்.

முப்பது வருஷ அரசியலில் விருமாண்டி அறிந்தது ஒன்று: துணிக்கு அடியில் தாள் வந்தால் அது மனு.

"என்னத்தா, காலேஜ் சீட்டா?" என்றார் தணிந்த குரலில்.

"இல்ல சார், நிரூபணம்."

"பண்ணிருவோம்."

பச்சை மை பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தின் தலையில் 'ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, கணக்குச் சமாசாரம் என்பதால் பக்கத்திலிருந்த ராதாமணியிடம் தள்ளினார். பிறகு மைக்கைப் பிடித்துப் பூஜ்ஜியத்தின் பெருமையை நாற்பது நிமிடம் பேசினார்.

சமீனா ஓரமாக நின்றாள். தாம்பாளம் முட்டியில் இடித்தது. கால் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். ராதாமணி பேச்சைக் கேட்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார். பென்சில் முதல் பக்கம் முழுக்க இறங்கியது. இரண்டாம் பக்கத்தின் பாதியில் நின்றது. மேலே போனது, திரும்ப அதே இடத்துக்கு வந்தது. விருமாண்டி பூஜ்ஜியத்திலிருந்து தன் பள்ளி மதிப்பெண்ணுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போனார். பென்சில் மூன்றாம் பக்கத்துக்குப் போகவேயில்லை.

பன்னிரண்டரைக்கு ஆறு வாரமும் முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டது. கார் கதவருகே ராதாமணி அவளைக் கூப்பிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"ரெண்டாம் பக்கம் ஏழாவது வரி. இந்த இடத்துல ஒரு பகா எண் எப்பவும் கெடைக்கும்னு எழுதியிருக்கீங்க. ஏன் கெடைக்கணும்?"

சமீனா பார்த்தாள். இரண்டு மாதமாக அந்த வரியைத்தான் அவள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சா எழுதுங்க," என்று ராதாமணி விமானத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கடையில் அத்தாவிடம் நான்கு பக்கத்தையும் நீட்டி, ஓட்டை விழுந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினாள். பக்கீர் முகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தின் தலையை மட்டும் பார்த்தார். பார்த்தபடியே பக்கத்து வளையல் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"பச்சை மைலயே போட்டுக் குடுத்துட்டாக. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அத்தா, அவுக படிக்கவே இல்ல. படிச்சுப் பாத்த மேடம் சரியில்லன்னுட்டாங்க."

"சும்மா இரு," என்றார் அவர். "ஞாயித்துக்கெழமயே மெட்ராசுக்கு வைகை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுர்றேன்."

நிரூபணம் தப்பு.