காஜா பேராங்கில் ஒரு குடைராட்டினம்

எட்டு மரக்குதிரைகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அன்று, என் முதுகில் தொங்கிய டின்னில் கால்வாசி எண்ணெய்தான் மிச்சம் இருந்தது. காஜா பேராங் திடலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி திடலுக்குள் திரும்பியபோது குதிரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சத்தம் போட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்றவை என்ன நிறமென்று சொல்ல முடியாதபடி சாயம் போயிருந்தன. வண்டிக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு சேதுராமன் கிராணி நடந்து வந்தார். பேருக்குத்தான் கிராணி, குமாஸ்தா; நகர ஆபீசில் சுகாதாரப் பகுதிக்கு அவர்தான் எல்லாம். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"தம்பிராஜா, அந்த டின்ன எறக்கி வெச்சிட்டு வா. இனிமே ஒனக்கு வேலை இங்கதான்."

என் வேலை கொசுவுக்கு எண்ணெய் அடிப்பது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏழு பேர் இருந்தோம். ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் சுப்பையனும் நானும்தான் மிச்சம். காய்ச்சல் கொசு சாக்கடையில் முட்டையிடாது, அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் புல் வேண்டும். மனிதனைவிட அதற்குத் தேவை அதிகம். வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விழுந்தால் புழு மூச்சு விட முடியாமல் சாகும். ஒரு வாரம் தவறினால் பறந்துவிடும். இதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. ஆனால் இது நன்றாகத் தெரியும்.

இந்தக் குடைராட்டினம் தெங்கேராவில் ஒரு வேடிக்கைப் பூங்காக்காரனிடம் துருப்பிடித்துக் கிடந்தது. சண்டை வந்ததும் அவன் கடையைச் சாத்திவிட்டான், என்ஜினை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் ஜப்பான் பேரரசர் பிறந்த நாள். அதற்கு ஏழை ஜனங்கள் சந்தோஷப்பட ஏதாவது செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. எண்ணெய்க்கென்று ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பினார்கள். ஆனால் ஜப்பான் நோட்டை ராட்டினக்காரன் நம்புவானா? நோட்டோடு எங்கள் கொட்டகையில் இருந்த எண்ணெய்ப் பீப்பாய்கள் இரண்டையும் கேட்டான். அதையும் கொடுத்தார்கள். ஊரில் வேறு எண்ணெய் கிடையாது.

"அப்ப வாய்க்காலு, ஐயா?"

"ரெண்டு பீப்பா எத்தினி மாசம் வந்திருக்கும்? எப்படியும் தீரப் போறதுதானே," என்றார் கிராணி. "புள்ளைங்க மூஞ்சியப் பாத்தியா? பன்னெண்டு மாசமா மரவள்ளிக் கெழங்கு தின்னுட்டு கெடக்குதுங்க. ஒரு நாளாச்சும் சிரிக்கட்டுமே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அடுத்ததாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்த வெள்ளைத் துணிப்பட்டையைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. ஆபீஸ் முத்திரை குத்திய கைப்பட்டை. அதைப் புஜத்தில் கட்டியிருந்தால் லோரியில் ஏற்ற மாட்டார்கள். கட்டாதவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில், செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருந்த பாலன், மீன் வாங்கத் தெங்கேராவுக்குப் போனவன், கையில் கூடையோடு லோரியில் ஏற்றப்பட்டான். கூடையை மட்டும் யாரோ வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்ஜின் இல்லாத ராட்டினத்தைத் தள்ள நாலு ஆள் வேண்டும். அந்த நாலில் நான் ஒருவன். என் மனைவி கோகிலா அந்தப் பட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ராட்டினம் வாரத்துக்கு மூன்று சாயங்காலம், இலவசம், பிள்ளைக்கு மூன்று சுற்று. நடுத்தூணிலிருந்து நாலு பக்கமும் நீட்டியிருக்கும் கட்டையில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளுவோம். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் அடிக்கிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே திடல் நிறையப் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கத்தின. மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், செட்டிப் பிள்ளைகள், எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஒரே வரிசையில். என் மகள் ஜெயாவுக்கு மூன்று வயது. நீலக் குதிரையின் காதைக் கடித்துப் பார்த்தாள். புக்கிட் பாருவிலிருந்து நடந்தே பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களும் உண்டு. ஒன்றுமில்லாத ஜனங்களுக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்தச் சாயங்காலங்களில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

பாலனின் மகன் கணபதிக்கு ஆறு வயது. சிவப்புக் குதிரைதான் வேண்டும், அது கிடைக்கும்வரை வரிசையில் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பான். ஏறினால் சிரிக்க மாட்டான், கத்த மாட்டான். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வருவான். மூன்று சுற்று முடிந்து நிறுத்தினால் என்னைப் பார்த்து, "லாகி," என்பான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து கலந்துவிட்ட இந்தச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான். இன்னும் வேண்டும் என்கிறான். மூன்று என்றால் மூன்று, அது கிராணியின் சட்டம். நான் அவன் இடுப்பைப் பிடித்து இறக்கிவிடுவேன். மீனாச்சி, அவன் அம்மா, மரவள்ளிப் பலகாரத் தட்டைத் தலையில் வைத்தபடி தூரத்தில் நிற்பாள். ஒரு நாளும் கிட்டே வந்ததில்லை.

மே மாதக் கடைசியில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் திடலை ஒட்டிய வீடுகள், பிறகு கம்போங் செட்டி, பிறகு எங்கள் வரிசை. எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஐந்து வாரம் எண்ணெய் விழாத வாய்க்கால் அது. கொய்னா மாத்திரை ராணுவத்துக்கே போதவில்லை என்றார்கள். வரிசையின் கடைசி வீட்டில் இருந்த கலியாணசுந்தரம் வாத்தியார் ஒரு மனு எழுதினார். ராட்டினத்தைத் தெங்கேராக்காரனிடமே திருப்பிக் கொடுத்து, பீப்பாய்களை வாங்கி, வாய்க்காலுக்கு எண்ணெய் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் மனு. பதினெட்டுப் பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தார்கள். மீனாச்சியின் பெருவிரலும் இருந்தது.

"எண்ணெய் அடிச்சவன் நீ. ஒன் கையெழுத்துதான் இதுல முக்கியம்," என்றார் வாத்தியார்.

"நா ஆபீஸ் ஆளு, வாத்தியாரே. என்னைய விட்டுடுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு, கோகிலா கொடுத்த வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு கோகிலா சொன்னாள், "அவரு நல்லவருதான். ஆனா சயாம் லோரி அவரு வீட்டு வாசல்ல நிக்காது."

மனுவுக்குப் பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. அடுத்த வாரமே ஒரு ஜப்பான் அதிகாரி பூட்ஸ் காலோடு வாய்க்கால் கரையில் வந்து நின்றார். ஒழுங்கான மனிதர்தான். புழு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ராட்டினம் போகும், எண்ணெய் வரும். இல்லாவிட்டால் மனு பொய். கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அகப்பை போட்டுத் தண்ணீரை மொண்டு காட்ட ஆபீசில் தெரிந்த ஆள் யார்? நான்தான்.

கிராணி என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். பயந்திருந்தார்.

"சயாமுக்கு இன்னும் அம்பது பேரு கேட்டிருக்கான். ராட்டினம் போச்சின்னா அத தள்றவங்கதான் மொதல்ல. எண்ணெய் அடிக்க அவனுக்கு ஒரு ஆளு போதும், அது சுப்பையன்னு ஏற்கெனவே எழுதிட்டாங்க. நா ஒண்ணும் சொல்லல. ஒனக்குத் தெரியாததில்ல."

அகப்பை போடுவதில் ஒரு முறை இருக்கிறது. சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், நிழல் நமக்குப் பின்னால் விழ வேண்டும். தண்ணீர் மேல் நிழல் விழுந்தால் புழு கீழே போய்விடும். அகப்பையைச் சாய்த்து, ஓரத்துப் புல்லடியில், தண்ணீரே அறியாமல் இறக்க வேண்டும். நடு ஓட்டத்தில் போடவே கூடாது. அங்கே புழு நிற்காது. இதைப் பத்து வருஷத்துக்கு முன்னால் முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் நிழல் நீளமாக வாய்க்கால் மேல் விழுந்தது. நடு ஓட்டத்தில் சளக்கென்று அகப்பையை இறக்கினேன். பத்து தடவை. பத்து தடவையும் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதிகாரி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். கரையில் வாத்தியார் நின்றார், மீனாச்சி நின்றாள். தண்ணீர் அவர்களுக்கும் சுத்தமாகத்தான் தெரிந்தது. எனக்கு இடது காலுக்குப் பக்கத்தில், புல்லடியில், சின்னச் சின்னக் குச்சிகளைப் போலப் படுத்திருந்தவை தெரிந்தன. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். வாத்தியாரின் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. அத்தோடு போயிற்றே என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். அன்று சாயங்காலம் ராட்டினம் ஓடியது.

ஜூன் நடுவில் கணபதி வரிசையில் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. பன்னிரண்டு நாள் காய்ச்சல். வேப்பிலை, நிலவேம்பு, கோயில் திருநீறு, எல்லாம் பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். அந்த வாய்க்கால் புழுதான் அவனைக் கடித்த கொசுவானது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்று கோகிலா கேட்டாள். என்னால் முடியும். நான் அவளிடம் சொல்லவில்லை. ஜெயாவுக்கும் ஒரு வாரம் காய்ச்சல் வந்து போனது. அந்த ஏழு நாளும் வாய்க்கால் பக்கம் திரும்பக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

செட்டிகளுக்குப் பழக்காலத்தில் ஒரு படையல் உண்டு. பார்ச்சு என்பார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும்படி அழைப்பார்கள். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, வெற்றிலை போட்டவளுக்கு வெற்றிலை. ஜூலையில் கம்போங் செட்டி முழுக்கப் பார்ச்சு நடந்தது. கிழங்கும் மரத்துப் பழமும்தான், இருந்தாலும் நடந்தது. மீனாச்சி வீட்டில் மட்டும் இல்லை. வருஷம் திரும்பாத வீட்டில் படைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

அன்று ராட்டினம் ஓடாத நாள். அச்சைத் துடைக்க நான் மட்டும் வந்திருந்தேன். வெயில் சாயத் தொடங்கியபோது மீனாச்சி திடலைக் கடந்து வந்தாள். தலையில் தட்டு இல்லை. கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் ஐந்தாறு மங்குஸ்தீன் பழம். முதல் தடவையாக ராட்டினத்துக்குக் கிட்டே வந்து, சிவப்புக் குதிரையின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் மலாயில்தான் பேசினாள். "வீட்டில் வைக்கக்கூடாதாம். இங்கே வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் இல்லையா? பழம் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவனுக்குப் பிடித்தது இதுதான். ஒரு தடவை சுற்றிவிடு, தம்பிராஜா. மூன்று சுற்று."

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்று எனக்குத் தெரியும்.

"இது வேண்டாமென்று விரல் வைத்தவள் நான்," என்றாள் அவள். "அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டான். நீதான் நல்லவேளை, தண்ணீர் சுத்தமென்று காட்டினாய். இல்லாவிட்டால் கடைசி இரண்டு வாரம் அவனுக்கு இதுவும் இருந்திருக்காது."

வாயை மூடிக்கொண்டேன். அவள் இலையைச் சேணத்தின் மேல் விரித்து, பழங்களை உருளாமல் நடுவில் ஒதுக்கி வைத்தாள். பிறகு நாலடி பின்னால் போய் நின்றாள்.

ஒரு ஆள் தள்ளினால் ராட்டினம் மெதுவாகத்தான் நகரும். நெஞ்சைக் கட்டைக்குக் கொடுத்துத் தள்ளினேன். அச்சு முனகியது, குதிரைகள் கிளம்பின. ஒரு சுற்று. வாய்க்கால் பக்கம் வரும்போது ஒவ்வொரு குதிரையின் நிழலும் தண்ணீர் மேல் விழுந்து கடந்து போனது. இரண்டு சுற்று. வேர்வை கைப்பட்டையை நனைத்தது. மூன்று.

"சுடா தீகா," என்றாள் மீனாச்சி. மூன்று ஆகிவிட்டது.

நிறுத்தினால் சிவப்புக் குதிரை அவள் எதிரில் போய் நிற்கும். நானும் நிற்க வேண்டும், அவள் என்னைப் பார்த்து நன்றி சொல்வாள். நான் கட்டையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் தள்ளினேன். அவளும் மறுபடி சொல்லவில்லை. ஐந்தாவது சுற்றில் ஒரு மங்குஸ்தீன் இலையிலிருந்து உருண்டு புல்லில் விழுந்தது. மீனாச்சி குனிந்து அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, குதிரை மறுபடியும் சுற்றி வரட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.