ரெண்டு பேருக்கான டிக்கெட்

விமானம் மேலே ஏறி, காதடைப்பு விட்ட பிறகுதான் அவள் புருஷனிடம் அந்த நிபந்தனையைப் போட்டாள். வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் மனுஷர் பெட்டியே கட்டியிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன! இனி இறங்கிப் போகவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது என்ற இடத்தில் உட்காரவைத்துச் சாவகாசமாக ஆரம்பித்தாள். கெட்டிக்காரி.

"இந்த ஊர்சுத்தல் முடியறவரைக்கும் எங்கே போனே, ஏன் லேட்டு, யார்கூடப் பேசிக்கிட்டிருந்தேன்னு என்னை ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா, ஊருக்குப் போனதும் நான் தங்கச்சி வீட்டு மாடி ரூமுக்குப் போயிடுவேன். அவ பெருக்கித் துடைச்சு வெச்சிருக்கா."

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறீங்க. இத்தனை வருஷம் ரயில் நிறைய ஆளுங்க இருந்தாங்க. உங்க சந்தேகத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. இனிமே நான் ஒருத்திதான் பயணி."

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் மோப்பம். அந்தப் பேரைச் சொன்னால் மனுஷருக்குக் கோபம் வராது, மீசை துடிக்கும். பெட்டிக்குள் காலை வைத்ததுமே டிக்கெட் இல்லாதவன் எவன் என்று சொல்லிவிடுவார். சிலபேர் திடீரென்று ஜன்னல் வழியே இயற்கையை ரசிப்பார்கள். சிலபேர் அந்த நிமிஷம் பார்த்துக் கண்ணை மூடித் தூங்குவார்கள். எதிரே போய் ஒன்றும் பேசாமல் நின்றாலே போதும், தூங்குகிற இமை தானாகத் துடிக்கும் என்பார்.

இந்த வித்தையை ரயிலோடு விட்டுவிட்டு வந்தால் தேவலை. வீட்டுக்கும் கொண்டுவந்தார். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். கொஞ்சம் தாமதமாக வந்தால் ஏன் என்பார். கடைசி நோயாளிக்கு நேரமாகிவிட்டது என்றால் ஆணா பெண்ணா என்பார். ஆண் என்றால், எந்தப் பல் என்பார்! தப்பாக நினைக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போகிறவரை அந்தக் கேள்விகளில் பாதியை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு முழுசும் இவள் தலையில் விழுந்தது.

போய் இறங்கிய ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. கீழே ஏரி, மேலே பனி, நடுவில் மணியடித்துக்கொண்டு ஏறி இறங்கும் டிராம். ஒரு விதவை அம்மாள் வீட்டின் மாடியறை. மரப்படிகள், சுவரில் சூடேற்றும் குழாய், ஏரியைப் பார்த்த ஜன்னல். அவள் வாயைப் பிளந்துகொண்டு அந்த ஜன்னலிலேயே நின்றாள். அவர் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாள் அளவுக்கு மீறிச் சிரிக்கிறாள், என்னமோ இருக்கிறது என்றார். டிராமில் ஏறுகிற இடத்தில் தடுப்புக் கேட்டும் இல்லை, டிக்கெட் கேட்க ஆளும் இல்லை. இந்த நாடு எப்படி உருப்பட்டது என்று ஒருநாள் முழுக்கப் புலம்பினார்.

அவளுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களோடு வருஷக்கணக்காகப் பேசிப் பழகியவள் ஆயிற்றே. கையைக் காட்டி, கண்ணைக் காட்டி, தெருமுனை ரொட்டிக் கடைக்காரனோடு பழக ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆள் நெட்டையாக, சிவப்பாக, மாவு ஒட்டிய கையோடு இவளைப் பார்த்தாலே சிரிப்பான். வாங்கின ரொட்டியோடு இன்னொன்றையும் பைக்குள் போடுவான். அந்த இன்னொன்று அவருக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை.

காலையில் ரெண்டு பேருமாக அருங்காட்சியகம், பழைய கோட்டை, ஏரிக்கரை என்று சுற்றுவார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் குளிருக்கு அவருக்குக் கண்ணைச் சுழற்றும். விழித்துப் பார்த்தால் அவள் இருக்க மாட்டாள். பொழுது சாயும்போது வருவாள். கன்னம் சிவந்திருக்கும், தாவணி மாதிரி சுற்றிய சால்வையில் காய்ந்த இலை ஒட்டியிருக்கும். காலை லேசாக இழுத்து இழுத்து நடப்பாள். இவ்வளவு தூரம் யாரோடு நடந்தாள்? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிடும். அப்போது தங்கச்சி வீட்டு மாடி ரூம் ஞாபகம் வரும். வெறும் வீடும், ஒரு தட்டும், ஒரு டம்ளரும் கண் முன்னால் வரும். கேள்வியை அப்படியே இருமலாக மாற்றி வெளியே விடுவார். அவர் இருமுகிற இருமலைக் கேட்டுப் பயந்துபோன வீட்டுக்கார அம்மாள் தினமும் ஒரு ஜாடி வெந்நீர் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை ஆணியில் மாட்டினார். மாட்டத்தான் எடுத்தார், சத்தியமாக. கை பழக்கதோஷத்தில் பைக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு டிராம் டிக்கெட். பாஷை புரியாவிட்டால் என்ன, டிக்கெட் என்று ஒன்று இருந்தால் அவருக்குப் படிக்கத் தெரியும். அரைநாள் டிக்கெட். முந்தின நாள் மத்தியான முத்திரை. ஓரத்தில் அடுத்தடுத்து ரெண்டு மனித உருவம்.

ரெண்டு பேர்! முந்தின நாள் மத்தியானம் அவர் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அந்த இன்னொரு ஆள் யார்?

அன்று காலை கோட்டைச் சுவரைப் பார்த்தபோது அவருக்குக் கோட்டையும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. இந்த வயசிலா என்று ஒரு மனசு சொன்னது. இந்த வயசில்தான் என்று இன்னொரு மனசு சொன்னது. மாடி ரூம் நிபந்தனையே இதற்கான முன்னேற்பாடுதானோ? அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சாப்பிட்டுப் படுத்ததும் கண்ணை மூடிக் குறட்டையும் விட்டார். அவள் வந்து குனிந்து பார்த்தாள். கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினார். ரொட்டிக் கடை மூடியிருந்தது. அவள் டிராமின் முன்வாசலில் ஏற, அவர் பின்வாசலில் தாவி ஏறிக் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். பார்த்தீர்களா, இடம் போட்டு வைக்கிறாள்! ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். யார் ஏறினாலும் இவன்தானோ என்று கழுத்தை நீட்டினார். யாரும் அங்கே போய் உட்காரவில்லை. டிராம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஏரி கீழே சின்னதாகிக்கொண்டே போனது. அத்தனை அழகையும் விட்டுவிட்டு அவர் அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நடுவழியில் ஒரு பெண் ஏறினாள். கழுத்தில் அட்டை, கையில் ஒரு சின்ன இயந்திரம். பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பார்த்ததும் மோப்பத்துக்கு மனசு குளிர்ந்தது. நம்ம ஜாதி! பரவாயில்லை, பின்னாலிருந்து வருகிறாள், தொழில் தெரிந்தவள்தான் என்று மெச்சிக்கொண்டார். அவள் கை தன் முகத்துக்கு நேரே நீண்டபோதுதான் அவருக்கு உறைத்தது. அவரிடம் டிக்கெட் இல்லை.

டிக்கெட் வாங்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எப்படி வரும்? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு வண்டிக்கும் டிக்கெட் வாங்கியதில்லை. சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கும், ஏறுவார், போவார். இந்த ஊரிலும் இத்தனை நாளாக டிக்கெட்டெல்லாம் அவள் பொறுப்பு. கை தானாக நெஞ்சுப் பக்கம் போய்த் தடவியது. அங்கே பையும் இல்லை, அட்டையும் இல்லை.

அடுத்து அவர் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சட்டென்று திரும்பி ஜன்னல் வழியே மலையை ரசித்தார். அந்தப் பெண் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நின்றுகொண்டே தூங்கினார்! அவள் ஒன்றும் பேசாமல் எதிரே நின்றாள், அவர் ஆயிரம் பேர் முன்னால் நின்ற அதே மாதிரி. அவருடைய இமை துடித்தது. வண்டியே திரும்பிப் பார்க்கிறது என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. கூனிக்குறுகிப் போனார்.

கண்ணைத் திறந்தபோது மனைவி எழுந்து வந்து நின்றிருந்தாள். கையில் அன்றைய டிக்கெட். அதிலிருந்த முதல் உருவத்தின் மேல் விரலை வைத்துத் தன்னைக் காட்டினாள். ரெண்டாவதின் மேல் வைத்து அவரைக் காட்டினாள். பரிசோதகப் பெண் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். இவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"எங்கே போறீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி இப்படி வலிக்கும் என்று அவருக்கு இத்தனை காலம் தெரியாது. பொய் ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"உன் பின்னாடி வந்தேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஏரியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "தினமும் ரெண்டு பேருக்குத்தான் டிக்கெட் வாங்கறேன். உங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்து நிப்பேன். எழுப்பினா முதல்ல எங்கே, எதுக்குன்னுதானே கேப்பீங்க. அத்தோட எல்லாம் முடிஞ்சிடுமேன்னு பயந்து விட்டுட்டுப் போயிடுவேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று வாதாட அவருக்கு இடம் இருந்தது. அவர் வாதாடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்தார். நீ போய்ட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். டிக்கெட் அவளிடமே இருந்தது. மலை முழுக்க நடந்தே இறங்கினார். போகும்போது பார்க்காத ஏரியை வரும்போது கொஞ்சம் பார்த்தார். முழங்கால் கழன்றுவிடும்போல இருந்தது.

அன்று அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, சால்வையை உருவிப்போட்டுவிட்டு, நேராக அவரைப் பார்த்தாள்.

"கேளுங்க," என்றாள். "இன்னிக்கு ஒரு கேள்விக்கு விலக்கு."

மேலே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், இவ்வளவு நேரம் என்ன செய்தாய், எல்லாம் வரிசைகட்டி நின்றது. அவள் குனிந்து ஷூவைக் கழற்றப் போனாள். கழற்றும்போது உதட்டைக் கடித்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்கின புது ஷூ. குதிகாலில் கொப்புளம் உடைந்து, சாக்ஸில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் காலை இழுத்து நடந்ததை வந்த நாளிலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் விடாமல் பார்த்தார். தடயமாக மட்டும்தான் பார்த்தார்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

ஷூவைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் நிமிரவே இல்லை. மடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தபோதுதான் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"வலிக்குது," என்றாள். "வந்த அன்னிலேர்ந்து வலிக்குது."

அவர் எழுந்துபோய் வீட்டுக்கார அம்மாள் வைத்த வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றி, சூடு பார்த்து, அவள் கால்கிட்டே வைத்தார். சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. நனைத்து நனைத்துப் பிரித்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். மேலே ஒன்றுமே இல்லையாம். ஒரு பெஞ்சு இருக்கிறதாம். அதில் உட்கார்ந்தால் ஏரி முழுசும் தெரியுமாம். காற்று அடிக்குமாம், அவ்வளவுதானாம். கடைக்காரன் கூடக் கொடுத்த ரொட்டியை அங்கே வருகிற காக்காய் மாதிரி ஒரு பறவைக்குப் பிய்த்துப் போடுவாளாம்.

தங்கச்சி வீட்டு மாடி ரூம் என்ன ஆயிற்று? அந்த ஒரு கேள்விதான் அவருக்குப் பாக்கி இருந்தது. உயிரே அதில்தான் தொங்கியது. விலக்கு ஒரு கேள்விக்குத்தான் என்பதும் ஞாபகம் இருந்தது. அவர் இருமினார்.

அவளுக்கு அந்த இருமலெல்லாம் எப்போதோ புரிந்துபோயிருந்தது. ஈரக் காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"அந்த இருமலுக்கு நாளைக்குப் பதில் சொல்றேன்," என்றாள். "மத்தியானம் தூங்காம இருங்க."

அவர் துண்டை எடுத்துக் காலைத் துடைக்க ஆரம்பித்தார்.