தவறான விடைக்கு வருகிறவர்

என் தம்பி செய்த வேலையில் பிழை என்று நாலு பேர் பார்க்க எழுதி வைத்தால், அதைப் படித்துவிட்டுச் சும்மா திரும்பி வருகிற குடும்பம் அல்ல எங்களுடையது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களில் ஓடிய பாட மென்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து மறைந்த என் தம்பி, சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் பழக்கத் தானே எழுதிய ‘கணக்குத் தோட்ட’மும் அங்கே இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திரைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: ‘பிழை காரணமாகப் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.’ அதற்குக் கீழே எங்கள் அப்பாவின் முதலெழுத்தோடு தம்பியின் பெயர்.

காட்சிக்கூடப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்ட பெண், மரியாதை தெரிந்தவள்.

“இதை யார் எழுதினது?”

“நான்தான் சார். எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?”

“எழுத்துல இல்ல. விஷயத்துல இருக்கு.”

அவள் நிரலை ஓட்டிக் காட்டினாள். கேள்வி வந்தது, விரல் விசைக்குப் போவதற்குள் பெருக்கல் குறி விழுந்தது. அடுத்த கேள்வி, அடுத்த பெருக்கல் குறி.

“பாருங்க சார், விடை போடவே விடமாட்டேங்குது. அந்தக் காலத்துலயும் இதுல பழகின பிள்ளைங்க முன்னைவிட அதிகமா தப்பு பண்ணாங்கன்னுதான் திருப்பி அனுப்பியிருக்காங்க.”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கணக்குல தப்பாதவன் என் தம்பி. நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வரேன். அவன் செஞ்சது செஞ்சபடி ஓடணும். ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாது. சரியா ஓடினா அந்த அட்டையை நீங்களே கிழிக்கணும்.”

“சந்தோஷமா கிழிக்கிறேன் சார்.”

மறுநாள் தம்பி மகளை அழைத்துப் போனேன். ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். வழியெல்லாம் தயங்கினாள்.

“விடுங்களேன் பெரியப்பா. அப்பாவே அதை விட்டுட்டாரு.”

“உங்கப்பன் விட்டான். நான் விடல.”

அவள் உட்கார்ந்து ஏதேதோ திறந்து பார்த்தாள். “இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கியிருக்காங்க. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. அப்பாவோட புரோகிராம் அதைப் பார்த்துட்டு, நம்ம காலம்தான்னு நம்பி ஓடுது.”

“பொய் சொல்லியா ஓட வைக்கணும்?”

“வயசானவங்க வந்தா அவங்க பழகின நாற்காலியைத் தேடி எடுத்துப் போடறோம்ல, அப்படி வெச்சுக்குங்க.”

என்னைக் குத்துகிறாளோ என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

காரணத்தைச் சீக்கிரமே பிடித்துவிட்டாள். பிள்ளை யோசிக்க நேரம் கொடுப்பதற்காக, இயந்திரம் தனக்குள் ஒரு பெரிய எண் வரை எண்ணிக்கொண்டு காத்திருக்கும்படி தம்பி எழுதியிருந்தானாம். அன்றைய இயந்திரம் அதை எண்ணி முடிக்க நல்ல நேரம் ஆகும். இன்றைய இயந்திரம் கண்ணிமைப்பதற்குள் எண்ணிவிட்டு, விடை வரவில்லை என்று வெறும் பெருக்கல் குறியைப் போட்டுவிடுகிறது.

“கேட்டீங்களா? அவசரம் உங்க மெஷினுக்கு. பழி என் தம்பிக்கு,” என்றேன்.

பொறுப்பாளர் தலையாட்டினாள். ஆனால் விடவில்லை. “அன்னைக்கு மெஷின் மெதுவாத்தானே சார் இருந்துச்சு? அப்புறம் ஏன் பிள்ளைங்க தப்பு பண்ணாங்க?”

“வேகத்தைக் குறைச்சு ஓட்டு. அவங்களே பார்க்கட்டும்,” என்றேன் தம்பி மகளிடம்.

“இதுவே போதுமே பெரியப்பா. வேகத்தாலன்னு அட்டையில போட்டுட்டா…”

“ஓட்டுன்னு சொன்னேன்.”

ஓட்டினாள். நானே உட்கார்ந்தேன். ஐந்தும் மூன்றும்? எட்டு என்று தட்டியதும் மஞ்சள் பூ ஒன்று பூத்தது. கேள்விகள் அவசரமில்லாமல் வந்தன. திரையின் அடியில் பூக்கள் வரிசையாக நின்றன. அவன் கையெழுத்தைப் போலவே ஒழுங்கான தோட்டம்.

“எங்கே பிழை?”

“ஒரு தப்பு விடை போட்டுப் பார்க்கலாமா சார்?”

“வேண்டாமே,” என்றாள் மகள், கொஞ்சம் வேகமாக.

“போடுங்க. ஒளிக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல.”

பொறுப்பாளர் மூன்றும் நாலும் ஒன்பது என்று தட்டினாள்.

திரையின் இடது பக்கத்திலிருந்து ஒருவர் நடந்து வந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. கம்பத்தை விழுங்கியது போன்ற முதுகு. அக்குளில் குடை. நடுவில் நின்று இரண்டு புருவங்களையும் நெற்றி உச்சி வரை ஏற்றினார். தலைக்கு மேல் எழுத்து தோன்றியது: ‘நம்ம குடும்பத்துல இப்படியா?’

அந்த வாசகம் என்னுடையது. முதுகும் என்னுடையது.

பொறுப்பாளர் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். கை தவறியதோ என்னவோ, இன்னொரு தவறான விடை விழுந்தது. குடை தானாக விரிந்தது. அவர் விறைப்பு குறையாமல் அப்படியே மேலே கிளம்பி, மீசை துடிக்கத் திரைக்கு வெளியே பறந்து போனார்.

இந்த நிரல் பள்ளிகளில் ஓடிய வருஷம் தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும், “மூணும் நாலும் ஒம்போது!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். பள்ளிக்கூடங்கள் கெட்டுப்போய்விட்டன என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“உனக்குத் தெரியுமா?” என்று மகளைக் கேட்டேன்.

“தெரியும் பெரியப்பா. சரியான விடைக்கு ஒரு பூ. தப்பான விடைக்கு நீங்க. எந்தப் பிள்ளை பூவைப் பார்க்கும்? வேணும்னே தப்புத் தப்பா போட்டுச்சுங்க. என்ன காரணம்னு மேலிடத்துல கேட்டப்ப, அப்பா சொல்லல. சொன்னா ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்னு, புரோகிராம்ல பிழைன்னு தன் மேல போட்டுக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டாரு.”

“ஆளை மாத்தியிருக்கலாமே?”

“மாத்தினா ஏன் மாத்தறீங்கன்னு கேப்பாங்கல்ல?”

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

பொறுப்பாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “சார், அந்தப் படத்தை மட்டும் எடுத்துட்டு ஓட விடலாம். அட்டையையும் கிழிச்சுடறேன். யாருக்கும் தெரியப்போறதில்ல.”

அவன் பெயரும் பிழைக்கும், என் முகமும் பிழைக்கும். நல்ல யோசனைதான். எழுந்து ஜன்னல் வரை போனேன். கீழே மாணவ ஆசிரியர்கள் கும்பலாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த அறைக்கு வருவார்கள்.

எங்கள் வீட்டில் மூத்தவனுக்காக இளையவன் பழி சுமக்கிற வழக்கம் கிடையாது. இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். தெரிந்த பிறகும் அதைத் தொடர விட்டால், நான் இத்தனை நாள் கட்டிக் காத்த மானத்துக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

“படம் இருக்கட்டும். ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாதுன்னு நேத்தே சொல்லிட்டேன். புது அட்டை எடுங்க, சொல்றேன்.”

சொல்லச் சொல்ல எழுதினாள். ‘இந்த நிரலில் பிழை இல்லை. தவறான விடைக்கு வருகிறவரைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் தவறு செய்தார்கள். அவர் இதை எழுதியவரின் அண்ணன்.’

பேனா நின்றது. “வர்றவங்க சிரிப்பாங்களே சார்.”

“சிரிக்கட்டும். தம்பி கணக்குல தப்பு பண்ணலன்னு தெரிஞ்சு சிரிக்கட்டும்.”

மகள் பழைய அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் அதைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். கிழிக்க வேண்டியவள் அவள். கிழித்தாள். புது அட்டையை வைத்துவிட்டு, மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டும் இரண்டும் எத்தனை என்று திரை கேட்டது. ஆறு என்று தட்டினாள்.

“ஏம்மா, சரியான விடை தெரியாதா உனக்கு?” என்றேன்.

“தெரியும் சார்,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.