ரெண்டு பந்தும் வக்கீல் நாத்தனாரும்

கணக்கு டீச்சர் கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பப் போன நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தார். நாத்தனார் வக்கீல். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் ஓட்டை தேடாமல் கீழே வைக்க மாட்டார்.

“‘ஒரு பையில் மூன்று சிவப்புப் பந்துகளும் இரண்டு நீலப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?’” என்று உரக்கப் படித்தார். “ஒண்ணுன்னா? ஒண்ணே ஒண்ணா, குறைஞ்சது ஒண்ணா?”

“ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. படிச்சாலே புரியுமே.”

“எனக்குப் புரியலையே. சரி, முதல்ல எடுத்த பந்தைத் திருப்பிப் போடணுமா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஐந்தில் மூன்று, பத்தில் ஒன்பது, இருபத்தைந்தில் பன்னிரண்டு, இருபத்தைந்தில் இருபத்தொன்று. ஒரே கேள்விக்கு நாலு விடை!

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. துவைத்த துணிகளிலிருந்து மூன்று சிவப்பு சாக்ஸும் இரண்டு நீல சாக்ஸும் பொறுக்கித் தலையணை உறைக்குள் போட்டாள். அவற்றின் சொந்தக்காரர், அவள் கணவர், பல் டாக்டர், வெறுங்காலோடு அந்த சாக்ஸைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

“கண்ணை மூடிட்டு ரெண்டு எடுங்க” என்று உறையைக் கணவரிடமே நீட்டினாள்.

எடுத்தார். ரெண்டும் சிவப்பு.

“ஒண்ணு சிவப்பு, இல்லையா?” என்றார் வக்கீல்.

“ரெண்டு சிவப்பு!” என்றாள் டீச்சர்.

“ரெண்டு இருந்தா ஒண்ணு இல்லாமப் போயிடுமா? டேய் தம்பி, சொத்தைப் பல் ஒண்ணு இருக்கான்னு கேட்டா, ரெண்டு இருக்கிறவன் இல்லேன்னா சொல்வான்?”

“கிளினிக்ல ஆள் உட்கார்ந்திருக்கு. இதை நான் என்ன பண்ணட்டும்?”

“திருப்பிப் போடுங்க!” என்று கத்தினாள் டீச்சர்.

அவர் மறுபேச்சில்லாமல் இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து புதிதாக எழுதினாள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பந்துகளை ஒரே சமயத்தில் எடுக்கிறார். அவற்றில் ஒன்று மட்டும் சிவப்பாகவும் மற்றது நீலமாகவும் இருக்க நிகழ்தகவு என்ன? கேள்வி அனுமார் வாலாக நீண்டது.

“இனிமே எவனும் கேஸ் போட முடியாது” என்றார் நாத்தனார்.

தேர்வில் அநேகமாக எல்லோரும் ஐந்தில் மூன்று என்றே எழுதியிருந்தார்கள். மூன்று பேர் மட்டும் விடையே எழுதவில்லை. இந்தக் கேள்வியையும் அடுத்த கேள்வியையும் மட்டும் அச்சுப் பிசகாமல், அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி கூடுதல் தாள் வேறு வாங்கியிருந்தாள்.

டீச்சர் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பகுதியின் தலைப்பில் அவளே போட்டிருந்தாள்: ‘ஏதேனும் இரண்டு கேள்விகளை எழுதுக.’

மூவருக்கும் முழு மதிப்பெண் போட்டாள். தலைமை ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது, “கேட்டதைத்தான் செஞ்சிருக்காங்க மேடம்” என்றாள்.