அப்பாவிடமிருந்து ஓர் அம்புக்குறி

ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்த மருந்தை அவள் மறுபடியும் புட்டிக்குள்ளேயே விட்டாள். வகுப்பில் இப்படிச் செய்தால் மார்க் போய்விடும். கட்டிலில் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வலி வந்தால் அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கைக்கு எட்டியதைத் திருகுவார்.

"குடுத்துட்டியா?" அறை வாசலில் இருந்து அத்தை கேட்டாள். அப்பாவின் தங்கை.

"இல்ல அத்தை."

"நல்லது. பெத்த பிள்ளை வந்து நாலு வார்த்தை பேசட்டும். அதைக் குடிச்சா அண்ணன் தூங்கிடுவார். தூங்குறவர்கிட்ட அவன் என்னத்தப் பேசுவான்?"

அத்தை சொன்னதில் தப்பில்லை. இவளே அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள்.

நாற்பது வயதில் நர்சிங் படிக்கப் போனவளுக்குக் கல்லூரியில் கொடுத்த வேலை அது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு நோயாளிக்குக் கான்செப்ட் மேப் போடுங்கள் என்றார்கள். நடுவில் நோயாளி. சுற்றிலும் பெட்டி பெட்டியாக அவருடைய தொல்லைகள். எதனால் எது வருகிறது, எதைச் செய்தால் எது மாறும் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. அவள் நடுவில் அப்பாவைப் போட்டாள். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஒரு பெட்டி, வலிக்கு ஒன்று, முதுகுப் புண்ணுக்கு ஒன்று.

ஒட்டிய அன்று அப்பா படத்தைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஊரான் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். "டேப்பைப் பிச்சா பெயிண்ட் உரிஞ்சு வரும்," என்றார். அத்தை கிட்டே போய்ப் படித்துவிட்டு, "மலச்சிக்கலுக்குக்கூட தனி வீடு கட்டிக் குடுத்திருக்காளே," என்றாள். அன்றைக்கு அப்பா சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தார்.

அந்தப் படத்தின் மூலையில் இருந்தது இன்றைய சங்கடம். வலி மருந்திலிருந்து தூக்கத்துக்கு ஒரு அம்பு. தூக்கத்திலிருந்து பேச்சுக்கு ஒரு அம்பு.

காலையில் டாக்டர் வந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அப்பாவோடு சாரம் கட்டிப் பெயிண்ட் அடித்தவன், ஒரு நாள் வேலை நடந்த இடத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போய் வெல்டிங் வேலையில் சேர்ந்தான். அதற்குப் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. போனை அப்பா எடுத்தால் வைத்துவிடுவான்.

"பஸ் ஏறிட்டேன்க்கா. நான் வர்ற வரைக்கும் அவரைத் தூங்க வச்சிடாத. ஒரே ஒரு வார்த்தை பேசிடறேன்."

அவளும் சரி என்றுவிட்டாள்.

இப்போது உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தலையணையை மாற்றி வைத்தாள். பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் இன்னும் பாதி தூரம்கூட வந்திருக்காது. அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். காலையில் விரல்கள்தான் சில்லென்றிருந்தன. இப்போது கணுக்கால் வரைக்கும். அடுக்களையில் அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் பின்கட்டுக்குப் போய்க் கல்லூரி ஆசிரியைக்குப் போன் செய்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்புக்கு வெளியே அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"மேடம், வலியை முதல்ல பாக்கணுமா, குடும்பத்தை முதல்ல பாக்கணுமா?" நடந்ததைச் சொல்லிக் கேட்டாள்.



"அக்கா, நீங்க அனுப்பின மேப்பை நேத்துதான் பாத்தேன். எல்லா அம்பும் அப்பாவைச் சுத்தியேதான் போகுது. அவர்கிட்டேருந்து ஒண்ணுகூட வெளிய வரலையே. அவர் என்ன சொல்றாரு?"

"அவரா?"

"பேசுற நிலைமையில இருக்காரா?"

"இருக்காரு," என்றாள். சொல்லும்போதே முகம் சுட்டது. டாக்டரைக் கேட்டாயிற்று, தம்பியைக் கேட்டாயிற்று, அத்தையோ கேட்காமலே சொன்னாள்.

கட்டிலோரம் மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா, மருந்து குடுத்தா வலி அடங்கும். ஆனா தூங்கிடுவீங்க. தம்பி வந்துட்டிருக்கான். வர சாயங்காலம் ஆகும். என்ன பண்ணட்டும்?"

கண்ணைத் திறந்தார். "வர்றானா?"

"பஸ் ஏறிட்டான்."

"அவனாவா? நீ அழுது கூப்பிட்டியா?"

"அவனேதான் வர்றான்பா."

போர்வையைத் திருகிய விரல்கள் சற்று நின்று, மறுபடி திருகின. "குடு," என்றார்.

"உங்ககிட்டப் பேசணும்ங்கிறான்."

"பேசட்டும். யாரு வேணாம்னா?" மூச்சு வாங்கியது. அவள் காத்திருந்தாள். "இந்த மூஞ்சியச் சுளிச்சு வச்சிருந்தா... இன்னும் கோவம்னு நெனச்சுப்பான்."

மருந்தைக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குடுத்துட்டியேடி."

"அவர்தான் கேட்டார் அத்தை."

 அத்தை கிட்டே வந்து அண்ணனின் கையிலிருந்து கசங்கிய போர்வையை எடுத்து நீவிவிட்டாள்.

தம்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தோள் பையைக் கழற்றாமல் கட்டிலருகே நின்றான்.

"தூங்குறாரா?"

"ம்."

"நான் சொன்னேன்லக்கா." குரல் கீழே போனது. "அவ்வளவு சொன்னேன்."

"சொன்ன. அவர் வேற சொன்னார்." அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. நாற்காலியை இழுத்தான், உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தான். ஜன்னல் சீட் கிடைக்கவில்லையாம். பக்கத்திலிருந்தவர் இவன் தோளிலேயே தூங்கிக்கொண்டு வந்தாராம். பிறகு புது வாடகை வீட்டைப் பற்றிச் சொன்னான்.

"நானே பெயிண்ட் அடிச்சேன்பா. அடியில ப்ரைமர் அடிக்காம விட்டுட்டேன். மழைக்குப் பொரிஞ்சு போச்சு. அன்னிக்கு உங்ககிட்ட இதுக்குத்தானே வம்பு பண்ணேன். ப்ரைமர் எதுக்கு, வெட்டி வேலைன்னு..."

கட்டிலின் மறுபக்கம் இருந்த அவள் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்திலிருந்தே மூச்சுக்கு மூச்சு இடைவெளி விழுந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு வெளியே போயிற்று. அடுத்ததற்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. இன்னும் காத்திருந்தாள். நாடி பார்க்கக் கை தானாக நீண்டது. பாதியில் மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"...எல்லார் முன்னாடியும் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்திருந்தான்.

வாசலில் அம்மா டீயோடு வந்தாள். அவள் எழுந்து போய், அம்மாவை உள்ளே விடாமல் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அவனுக்குக் குடுடி, ஆறிடும்."

"குடுக்கலாம்மா," என்றாள். "பேசிட்டிருக்கான்."