வெனியமினின் கை பட்ட இடம்

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து வெனியமினை எந்தச் சுவரும் தடுக்கவில்லை. அன்று காலை கதவைத் திறக்காமலே மாடிப்படிக்கு வந்துவிட்டார். கோட்டு கூடவே வந்தது, தொப்பி உள்ளே விழுந்துவிட்டது. தரை அவரைத் தாங்கியது. பீட்ரூட் சூப் வயிற்றில் தங்கியது, ரொட்டி தங்கவில்லை. வோல்காக் கரையிலுள்ள எங்கள் ஆராய்ச்சி நகரத்தில் ஒரு வாரம் இதையே பேசினார்கள். பிறகு வெள்ளரி நடும் காலம் வந்துவிட்டது.

அவருடைய தொழிலே தடுப்பதுதான். அணுத்துகள்களை வேகமேற்றும் முடுக்கியிலிருந்து பாயும் துகள்களில் வழி விலகுகிறவற்றை நிறுத்த, டங்ஸ்டன் கட்டிகளுக்கு நடுவே மயிரிழை இடுக்கு விட்டு, கொலிமேட்டர் என்ற தடுப்புகளை வடிவமைத்தார். இடுக்கைத் தாண்டி வருவதைப் பதிவுசெய்யும் உணர்கருவிகளை வடிவமைத்தவர் அவர் மனைவி இனெஸ்ஸா. கல்யாணமான நாளிலிருந்து இடுக்கின் அகலத்தைப் பற்றித்தான் சண்டை.

"குப்பையைத் தடுக்கிறேன்னு எல்லாத்தையும் தடுத்துடுற. எனக்கு என்ன மிச்சம் வருது?"

"வர்றது சுத்தமா வருதுல்ல, இனா?"

அந்தச் செவ்வாய் மாலை மனைவியின் தோளில் கை வைத்தார். கை உடம்புக்குள் இறங்கி நாற்காலி வழியாக வெளியே வந்தது. இனெஸ்ஸாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்குத்தான் இருவரும் பயந்தார்கள்.

"சுவர் வழியா வந்தா என்னம்மா? என் வீட்டுக்காரன் கதவு வழியாகூட ஒழுங்கா வந்ததில்ல" என்றார் கீழ்வீட்டு அக்ரிபீனா.

இனெஸ்ஸா அழவில்லை. "எவ்வளவு லேசா உரசினாலும் எதையாவது விட்டுட்டுத்தான் போகணும். அதைப் பிடிக்கிறதுதானே என் வேலை" என்று, துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளைக் கூடம் முழுக்க அடுக்கினார். வெனியமின் தினமும் அவற்றுக்குள் நடந்தார். வருடங்கள் போயின, ஒரு தகடும் மினுங்கவில்லை. பென்சில் கையில் நிற்காததால் அவர் இடுக்கின் அளவு சொல்ல, கொலிமேட்டரை இனெஸ்ஸா வரைந்தார். சொன்னதற்கு மேல் ஒரு இழைகூடக் கூட்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெனியமின் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுக்கை இன்னும் கொஞ்சம் அகலமா போடு, இனா."

"எதுக்கு?"

"உனக்கும் ஏதாவது வரட்டும்."

இனெஸ்ஸா பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார். பழைய ஞாபகத்தில் வெனியமின் அவர் தோளில் கை வைத்தார். தகடுகள் இருண்டே கிடந்தன. தோள் நீலமாக ஒளிர்ந்தது.

"கூசுது" என்றார் இனெஸ்ஸா. "எடுக்காத."

சுவர்கள் கடைசிவரை அவரைத் தடுக்கவில்லை. பனிக்காலத்தில் மின்சாரம் போனால் அக்ரிபீனா உருளைக்கிழங்குக் கூடையோடு மேலே வந்துவிடுவார்.

"வெனியமின் ஓசிப்பவிச், இனெஸ்ஸாம்மா தோள்ல கொஞ்சம் கை வைங்க. இதை மட்டும் உரிச்சுக்கிறேன்."

அவர் வைப்பார்.