சிவகாமிப்பிள்ளை ரீச்சரின் காது

கடற்படைப் பட்டறையில் வேலை போன மூன்றாம் வருடம், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். கையிலிருந்தவை வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன திருகுசாவியும் சில முழம் கம்பளி நாடாவும். கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்து நான் தொட்ட முதல் பியானோ, உட்துறைமுகப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சிவகாமிப்பிள்ளை ரீச்சருடையது.

நடுவிலும் மேலேயும் ஒரு கட்டையை அடித்தால் மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும். நாடாவைச் செருகி இரண்டை அடக்கிவிட்டு ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். பிறகு நாடாவை எடுத்து, மற்ற இரண்டையும் அதனோடு சேர்க்க வேண்டும். முதலாவது எனக்கு வந்தது. இரண்டாவது வரவில்லை. எத்தனை தரம் திருகியும் மூன்றும் ஒன்றோடொன்று பிணங்கின. பின்னேரம், கட்டைக்கு ஒரு கம்பி மட்டும் ஒலிக்கும்படி நாடாவைத் திரும்ப உள்ளே அழுத்தி மூடியைச் சாத்தினேன்.

ரீச்சர் வாசித்துப் பார்த்தார். "நல்ல சுத்தமா இருக்கு, ஜெமீல்."

அவர் சொல்லித்தான் வேறு வீடுகள் கிடைத்தன. அங்கேதான் மிச்சத்தைப் பழகினேன். அவருடைய பியானோவை நினைக்காமலிருக்கவும் பழகினேன்.

ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். பியானோவை விற்றுத் தரவேண்டுமாம்.

"ஏன் ரீச்சர்?"

"காது போட்டுது. கீழ்க் கட்டையள் கேக்குது. நடுவில இருந்து மேல ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை. பலமா அடியுங்கோ எண்டு பிள்ளையளோட கத்தினதுதான் மிச்சம். எட்டுப் பேரையும் போன மாசம் நிப்பாட்டிப்போட்டன். செவிட்டுக் கிழவி என்னத்தைப் படிப்பிக்கிறது?"

கீழ்க் கட்டைகளில் நான் நாடா செருகவில்லை.

அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நாடாவை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கலாம். மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

அவர் வந்ததும் காட்டினேன். "இது நான் வெச்சது, ரீச்சர். அண்டைக்குச் சேர்க்க ஏலாமப் போச்சு. உங்கட காதில பிழையில்ல."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். தேத்தண்ணியை என்னிடம் தராமல் அலுமாரியின் மேல் வைத்தார்.

"டொக்டரிட்டப் போகவும் வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தனான்," என்றார். பிறகு, "இதை இண்டைக்கே செய்து முடியுங்கோ. எட்டு வீட்டுக்கும் நீங்களே போய், ரீச்சர் செவிடில்லை எண்டு சொல்லுங்கோ. ஏனெண்டும் சொல்லுங்கோ."

முதல் வீடு சோமசேகரத்தாருடையது. அவருடைய மகள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. என்னைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

"வாங்கோ, உங்களைத்தான் தேடினனான். எங்கட பியானோவையும் ஒருக்காப் பாக்கவேணும். ரீச்சர் உங்களை அப்பிடிப் புகழ்ந்தவ."

வாசலில் நின்றபடியே சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிள்ளையை நாளைக்கே ரீச்சரிடம் அனுப்புவதாகச் சொன்னார். தன் பியானோவைப் பற்றிப் பிறகு ஒன்றும் பேசவில்லை.